பொட்டிக்குள்ள அடைபட்ட எழுத்து

பொட்டி தட்டுறவன்னு நம்மளைச் சொல்லுவாங்க. நிஜத்துல பொட்டிக்குள்ள பொட்டி போட்டே நமக்குப் பாதிப் பொழுது போயிடுது. கோடு எழுதுற நேரத்தை விட, எழுதின கோடைப் பத்தி பவர்பாயிண்ட்ல கட்டம் கட்டி விளக்குற நேரம்தான் ஜாஸ்தி. வாரம் ஒரு ஸ்டேட்டஸ், மாசம் ஒரு ரிவ்யூ, மூணு மாசத்துக்கு ஒருக்கா கிளையண்ட் முன்னாடி தசாவதாரம். எல்லாத்துக்கும் நடுவுல ஒரே ஒரு ஜீவன்தான் சிக்கிச் சின்னாபின்னமாகுது. அதான் டெக்ஸ்ட் பாக்ஸ்.

இந்த டெக்ஸ்ட் பாக்ஸ் எங்கேருந்து வந்துச்சு, யார் வேலை இது, டைப் அடிக்க அடிக்க எழுத்து ஏன் தானா சின்னதாகுது? ஆணி கம்மியா இருந்த நாட்கள்ல இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். சும்மா ஒரு மொக்கைப் பதிவு போடலாம்னுதான் ஆரம்பிச்சேன். தோண்டிக்கிட்டே போனதுல ஒரு இடத்துல கை அப்படியே நின்னுடுச்சு. அதுக்குப் பின்னாடி வர்றேன். பதிவு நீளம், டீயோட உட்காருங்க.

பவர்பாயிண்ட் வர்றதுக்கு முன்னாடியும் மீட்டிங் இருந்தது, மீட்டிங்ல தூங்குறவங்களும் இருந்தாங்க. அமெரிக்கக் கம்பெனிகள்ல அப்போ ரெண்டு வழி. பணக்கார வழி, 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ஸ்லைட். அதைச் செய்ய தனியா ஆர்ட்டிஸ்ட், தனியா ஸ்டூடியோ. சாதா வழி, ஓவர்ஹெட் புரொஜெக்டர். கண்ணாடி மேல ஒரு டிரான்ஸ்பரன்ட் ஷீட்டை வைச்சா, கீழ இருக்கிற விளக்கு அதைச் சுவத்துல பெருசா காட்டும். நம்ம ஊர் காலேஜ்கள்லயும் ரொம்ப நாள் இது ஓடிச்சு. எங்க டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ரூம்ல ஒண்ணு தூசி படிஞ்சு கிடந்ததை நானே பார்த்திருக்கேன்.

எந்த வழியா இருந்தாலும் ஒரு விஷயம் பொது. பேசப் போறவர் பேப்பர்ல கிறுக்கிக் கொடுப்பார், வேற யாராவது அதை டைப் அடிச்சோ வரைஞ்சோ தருவாங்க. ஒரு எழுத்து தப்புன்னாலும் திரும்ப அவங்ககிட்டதான் போகணும். ஷீட்டோட அளவு மாறாது. கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் தெரியணும்னா எழுத்தை ஒரு அளவுக்கு மேல குறைக்கவும் முடியாது. ஆக, எவ்வளவு எழுதலாம்னு முடிவு பண்ணினது அந்த ஷீட்தான். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப ஒரு ஆச்சரியமான ஆள் உள்ள வர்றார். விட்ஃபீல்ட் டிஃபி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு டிஃபி-ஹெல்மேன்னு சொன்னாலே போதும். 1976-ல் மார்ட்டின் ஹெல்மேனோட சேர்ந்து பப்ளிக் கீ கிரிப்டோகிராஃபியைத் தந்தவர், 2015-ம் ஆண்டுக்கான டூரிங் விருது வாங்கினவர். நீங்க இந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர்ல வர்ற பூட்டுப் படத்துக்கே அவருக்கு நன்றி சொல்லணும். அவர் 1981-ல் கலிஃபோர்னியாவுல பெல்-நார்தர்ன் ரிசர்ச்னு ஒரு கம்பெனியில இருந்தார். ஒரு பேச்சுக்குத் தயாராகணும், ஸ்லைட் வேணும். ஆர்ட்டிஸ்ட் பின்னாடி அலையாம, தானே ஒரு புரோகிராம் எழுதிட்டார். காகிதத்துல கறுப்பா ஒரு சட்டம் போடும், சட்டத்துக்குள்ள எழுத்து வரும், பக்கத்துல பேச்சுக் குறிப்பு எழுத இடம் இருக்கும். அவ்வளவுதான். 2001-ல் நியூயார்க்கர் பத்திரிகையில இயன் பார்க்கர் எழுதின கட்டுரையில இந்தக் கதை வருது. சட்டத்துக்குள்ள எழுத்து! நாம தினமும் இழுத்து இழுத்துப் போடுற பொட்டிக்கு ஒரு தாத்தாவைத் தேடினா, போய் நிக்கிறது கிரிப்டோகிராஃபி மேதையோட வாசல்ல.

அதே கம்பெனியில வேலை பார்த்த இன்னொருத்தர் ராபர்ட் கேஸ்கின்ஸ். 1984-ல் ஃபோர்தாட்னு ஒரு சின்ன ஸ்டார்ட்அப்புக்கு வந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 14-ம் தேதி போட்ட ரெண்டு பக்கத் திட்டம்தான் பவர்பாயிண்ட்டோட ஜாதகம். பேசப் போறவரே தன் ஸ்லைடைத் தானே செய்துக்கணும், நடுவுல ஆர்ட்டிஸ்ட்டோ டைப்பிஸ்ட்டோ வேண்டாம். இதான் மேட்டர். அந்த யோசனையை நிஜமான சாஃப்ட்வேரா மாத்தினவர் டென்னிஸ் ஆஸ்டின், அப்புறம் சேர்ந்தவர் டாம் ரட்கின். முதல்ல வச்ச பேர் பிரசென்ட்டர். டிரேட்மார்க் தகராறுல பேர் மாறிப் போச்சு. 1987 ஏப்ரல் 20-ல் மேக்கின்டோஷுக்கு பவர்பாயிண்ட் 1.0 வந்தது. விலை 395 டாலர். கறுப்பு வெள்ளைதான். திரையில ஓட்டிக் காட்டுறதுக்கு இல்லை, லேசர் பிரிண்டர்ல அச்சடிச்சு ஓவர்ஹெட் ஷீட் ஆக்குறதுக்கு. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து ஃபோர்தாட்டையே வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் கலர் வந்தது, 1990-ல் விண்டோஸ் வந்தது, 1992-ல் நேரா புரொஜெக்டர்ல ஓட்டுற வசதி வந்தது. அந்தக் கதையெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு, நான் பொட்டிக்கே வர்றேன்.

ஸ்லைடுல இருக்கிற எழுத்துக்கு ரெண்டு வம்சம் உண்டு. இதைப் புரிஞ்சுக்கிட்டா பவர்பாயிண்ட் பண்ற பாதி சேட்டைக்குக் காரணம் தெரிஞ்சிடும்.

முதல் வம்சம், படம் வரையற சாஃப்ட்வேர். மேக்டிரா மாதிரியான புரோகிராம்கள்ல வட்டம், சதுரம் எப்படி ஒரு பொருளோ, அதே மாதிரி எழுத்தும் ஒரு பொருள். பிடிச்சு இழுக்கலாம், எங்க வேணா வைக்கலாம். இன்செர்ட் மெனுவுல போய் நாம போடுற டெக்ஸ்ட் பாக்ஸ் இந்த வம்சம். ரெண்டாவது, அவுட்லைனர். தலைப்பு, உபதலைப்பு, அதுக்குக் கீழ ஒண்ணுன்னு எழுத்தைப் படிப்படியா அடுக்குற புரோகிராம்கள். டேவ் வைனரோட கம்பெனி 1986-ல் வெளியிட்ட மோர், அந்த மாதிரி அடுக்கையே புல்லட் சார்ட்டா மாத்திக் கொடுத்தது. பவர்பாயிண்ட்ல "கிளிக் பண்ணி டெக்ஸ்ட் சேர்க்கவும்"னு ஏற்கனவே போட்டு வச்சிருக்கிற பொட்டி இருக்கே, பிளேஸ்ஹோல்டர், அது இந்த வம்சம்.

பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். குணம் வேற. அவுட்லைன் வியூவுக்குப் போய்ப் பாருங்க, பிளேஸ்ஹோல்டர்ல அடிச்சதெல்லாம் வரிசையா வரும், டெக்ஸ்ட் பாக்ஸ்ல அடிச்சது ஒரு எழுத்து கூட வராது. லேஅவுட்டை மாத்தினா பிளேஸ்ஹோல்டர் நகரும், டெக்ஸ்ட் பாக்ஸ் போட்ட இடத்துல பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். கண் தெரியாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல கேட்கும்போது எந்தப் பொட்டி முதல்ல போட்டதோ அதுதான் முதல்ல ஒலிக்கும். அதாவது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினதுல அடியில இருக்கிறது முதல்ல. நாம அழகா மேல இழுத்து வச்ச தலைப்பு, கடைசியா வாசிக்கப்படுற கூத்தும் நடக்கும்.

டெக்ஸ்ட் பாக்ஸ் போடறதுலயும் ஒரு சூட்சுமம். சும்மா ஒரு கிளிக் பண்ணிட்டு டைப் அடிச்சா, வரி மடங்காது. ரயில் மாதிரி நீண்டுக்கிட்டே போய் ஸ்லைடைத் தாண்டி வெளிய போயிடும். மவுஸை இழுத்து ஒரு அகலம் கொடுத்துட்டு அடிச்சா, அந்த அகலத்துக்குள்ள மடங்கி, பொட்டி கீழ்நோக்கி வளரும். ஃபைலோட பேரை ஸிப்னு மாத்தித் திறந்து பாருங்க (2007-லேருந்து வர்ற ஃபைல்கள் எல்லாமே ஸிப்தான்), உள்ள எல்லாம் எக்ஸ்எம்எல். அளவெல்லாம் ஈஎம்யூன்னு ஒரு யூனிட்ல இருக்கும். ஒரு இன்ச்சுக்கு 914400, ஒரு சென்டிமீட்டருக்கு 360000, ஒரு பாயிண்ட்டுக்கு 12700. இன்ச், சென்டிமீட்டர், பாயிண்ட் மூணையும் மிச்சமில்லாம முழு எண்ணாவே எழுதுறதுக்காகப் பிடிச்ச நம்பர். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷம் :-) இடது வலது ஓரம் 0.1 இன்ச், மேல் கீழ் 0.05 இன்ச். ரெண்டு பொட்டியைப் பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வச்சாலும் எழுத்து ஒட்டாம நிக்கிறது இதனாலதான்.

விவகாரமான ஆள் பிளேஸ்ஹோல்டர்தான். அவர்கிட்ட ரெண்டு பழக்கம் இருக்கு.

ஒண்ணு, டேப் அடிச்சா ஒரு படி கீழ இறங்கும், இறங்க இறங்க எழுத்து சின்னதாகும். 2003 காலத்துப் பதிப்புல எதையும் தொடாம ஒரு புது ஃபைல் திறந்தா, தலைப்பு 44 பாயிண்ட், முதல் படி 32, அடுத்தது 28, அப்புறம் 24, அப்புறம் 20. அந்த வரி முக்கியமா இல்லையான்னு மென்பொருளுக்குத் தெரியாது. எத்தனையாவது படின்னு மட்டும்தான் தெரியும். ஆனா பார்க்கிறவன் கண்ணு சின்ன எழுத்தைப் பார்த்ததும் "சரி, இது சில்லறை"ன்னு தாண்டிப் போயிடும்.

ரெண்டாவது ஆட்டோஃபிட். பொட்டி நிரம்பினா எழுத்தைத் தானா சுருக்கும். நான் திறந்து பார்த்த ஃபைல்கள்ல 92.5 சதவீதம், 85, 77.5, 70, 62.5ன்னு படிக்கட்டு மாதிரி இறங்குது. கூடவே வரி இடைவெளியையும் 10, 20 சதவீதம் நசுக்கும். இங்கிலீஷுக்கு அது ஓகே. தமிழ்ல மேல் வரி "கூ"வோட வாலும், கீழ் வரி "கி"யோட கொக்கியும் சண்டை போட ஆரம்பிச்சிடும். (தமிழ் வேணும்னு யாரும் கேட்காட்டியும், ஆபீஸ் தீம் ஃபைலுக்குள்ள தமிழுக்குன்னு ஒரு வரி இருக்கு, அதுல லதா ஃபாண்ட் பேர் எழுதியிருக்கு. யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி வீட்டுக் கம்ப்யூட்டர்ல தமிழ்ல செய்த ஸ்லைடை பிரவுசிங் சென்டர்ல திறந்து, பொட்டி முழுக்கப் புரியாத இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து நொந்துபோன சீனியர்களுக்கு இந்த ஒரு வரியோட அருமை தெரியும்.)

பழைய ஷீட்டை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? அங்க இடம் தீர்ந்தா பேச்சு தீர்ந்தது. இல்லைன்னா இன்னொரு ஷீட் எடுக்கணும். எதை விடறது, எதை வைக்கிறதுன்னு மனுஷன் உட்கார்ந்து யோசிச்சே ஆகணும். இங்க இடம் தீரவே தீராது. "தம்பி, எல்லாத்தையும் ஒரே ஸ்லைடுல அடக்கிடுப்பா"ன்னு டேமேஜர் சொன்னா, நிஜமாவே அடங்கிடும். எங்க டீம்ல ஒரு தடவை, லோட் டெஸ்ட் இன்னும் முடியலைங்கிற வரி மூணாவது படியில 14 பாயிண்ட்ல உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேர மீட்டிங்ல அதைப் பத்தி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கலை. ரிலீஸ் தேதிக்கு எல்லாரும் தலையாட்டிட்டாங்க. நம்ம விஷயத்துல என்ன, ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, அவ்வளவுதான்.

கை நின்ன இடம் இதுக்கு அடுத்தது.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்புது. உள்ளே ஏழு பேர். அதுல ஒருத்தர் ஹரியானா மாநிலம் கர்னால்ல பிறந்து, சண்டிகர்ல 1982-ல் ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் முடிச்ச கல்பனா சாவ்லா. அவருக்கு அது ரெண்டாவது பயணம். நான் அப்போ பால்வாடிக்குப் போற வயசு. கிளம்பி 81.7 விநாடியில, வெளி டேங்க்லேருந்து ஒரு நுரைத்துண்டு (இன்சுலேஷன் ஃபோம்) பிய்ஞ்சு வந்து இடது இறக்கையில மோதிச்சு. எடை சுமார் 1.67 பவுண்டு, ஒரு கிலோ கூட இல்லை. மறுநாளே வீடியோவுல பார்த்துட்டாங்க. ஓடம் மேல சுத்திக்கிட்டிருக்கும்போதே, அடி பலமா இல்லையான்னு போயிங் இன்ஜினியர்கள் கணக்குப் போட்டாங்க. முடிவை நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடா கொடுத்தாங்க.

அதுல ஒரு ஸ்லைட் உலகப் புகழ் ஆயிடுச்சு. தலைப்பு, எல்லாத்தையும் விடப் பெரிய எழுத்துல, சாராம்சமா சொல்றது இதுதான்: பரிசோதனைத் தரவுகளைப் பார்த்தா, ஓடு துளைபடும்ங்கிற நம்ம கணிப்பு கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோடதான் இருக்கு. அதாவது, நிஜம் கணக்கை விட நல்லாத்தான் இருக்கும்னு தோண வைக்கிற தலைப்பு. கீழ புல்லட், அதுக்குக் கீழ கோடு, அதுக்குக் கீழ இன்னொரு குறி. 11 வாக்கியத்துக்கு 6 படிநிலைன்னு எண்ணிச் சொன்னவர் எட்வர்ட் டஃப்டி. "சிக்னிஃபிகண்ட்"ங்கிற வார்த்தை அஞ்சு தடவை வருது, எங்கயும் எவ்வளவுன்னு நம்பர் இல்லை.

அந்த நம்பர் எங்க இருக்குன்னா, ஸ்லைடோட அடியில. பறக்கும்போது நடந்த மோதல், பரிசோதனை செய்த எல்லைக்கு ரொம்ப வெளியில இருக்குன்னு ஒரு வரி. அதுக்கும் ஒரு படி கீழ, கடைசி வரியா ஒரு கணக்கு. விழுந்த துண்டு 1920 கன இன்ச், பரிசோதனையில பயன்படுத்தினது 3 கன இன்ச்.

1920-ஐ 3-ஆல வகுங்க. 640. சோதிச்சுப் பார்த்ததை விட 640 மடங்கு பெரிய துண்டு. சோதனையை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுன்னு அர்த்தம். அந்த ஒரு வரி தலைப்புல இருந்திருந்தா மீட்டிங்கோட முகமே மாறியிருக்கும். எழுதினவங்க எதையும் மறைக்கலை, கவனிச்சீங்களா? பெரிய வேலையைச் செய்து, சரியான எண்ணைக் கண்டுபிடிச்சு, நேர்மையா எழுதியும் வச்சாங்க. அது போய் உட்கார்ந்த இடம் அப்படி.

2003 பிப்ரவரி 1-ம் தேதி, திரும்பி வரும்போது டெக்சாஸ் வானத்துல கொலம்பியா சிதறிப் போச்சு. ஏழு பேரும் போயிட்டாங்க. ஜூலை 7-ல் சான் அன்டோனியோவுல அதே மாதிரி ஒரு நுரைத்துண்டை இறக்கையோட முன்விளிம்புப் பலகை மேல சுட்டுப் பார்த்தாங்க. சுமார் 16 இன்ச் அகலத்துக்கு ஓட்டை. ஆகஸ்ட்ல வந்த விசாரணை வாரிய அறிக்கை இந்த ஸ்லைடையே அச்சடிச்சு, அது மேல ஒரு தனிப் பெட்டிச் செய்தி போட்டது. ஒரு மூத்த மேலாளர் இதைப் படிச்சா உயிர் போற விஷயம்னு அவருக்குப் புரியாமப் போறதுல ஆச்சரியமில்லைன்னும், தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதிலா ஸ்லைடை வச்சே காலம் தள்றது நாசாவோட தகவல் பரிமாற்றக் கோளாறுக்கு ஒரு உதாரணம்னும் வாரியம் சொல்லிச்சு.

"பவர்பாயிண்ட் ஏழு பேரைக் கொன்னுடுச்சு"ன்னு இதை வச்சு நிறைய பேர் எழுதியிருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம்னு மூணு தடவை கோரிக்கை போச்சு, எதுவும் நடக்கலை. அதுக்கு எந்தப் பொட்டியும் காரணமில்லை. 1986-ல் சேலஞ்சர் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ ஏவ வேண்டாம்னு தயோகால் இன்ஜினியர்கள் யூட்டாவிலேருந்து 13 சார்ட்டை ஃபேக்ஸ்ல அனுப்பினாங்க. பவர்பாயிண்ட் பொறக்கவே இல்லை அப்போ. அந்த எச்சரிக்கையும் எடுபடலை. கேட்கக் கூடாதுன்னு இருக்கிற காதுக்கு எந்த ஃபாண்ட் சைஸும் பத்தாது.

ஆனாலும் ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அதுதான் என்னை உறுத்துது. சேலஞ்சர்ல வேண்டாம்னு சொன்னது எல்லார் காதுலயும் விழுந்தது, அதுக்கு மேல வாக்குவாதமும் நடந்தது. கொலம்பியா ஸ்லைடுல எதிர்த்துச் சொல்றதுக்குக் கூட ஒண்ணும் கண்ணுல படலை. முக்கியமான வரி, படிநிலைக்குள்ள ஒரு குழந்தையோட குழந்தையா உட்கார்ந்திருந்தது. அவுட்லைன் கணக்குப்படி அது சரியான இடம்தான். பெரிய கூற்று மேல, அதோட ஆதாரம் கீழ. ஆதாரமே கூற்றைக் கவிழ்க்கும்போது என்ன பண்றதுன்னு டேப் கீக்குத் தெரியாதே.

பவர்பாயிண்ட்டைச் செய்தவங்களும் இதை அறியாதவங்க இல்லை. 2007-ல் அதோட 20 வருஷ நிறைவுக்கு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் போய்க் கேட்டப்போ, ஸ்லைட்ங்கிறது ஒரு முழு ஆவணத்தோட சுருக்கமா இருக்கணும், ஜனங்க ஆவணம் எழுதுறதையே விட்டுட்டு சுருக்கத்தை மட்டும் எழுதுறாங்கன்னு கேஸ்கின்ஸ் வருத்தப்பட்டார். அமேசான்ல 2004 ஜூன்லயே ஜெஃப் பெசோஸ் தன் தலைமைக் குழு மீட்டிங்ல பவர்பாயிண்ட் வேண்டாம், வாக்கியமா எழுதிட்டு வாங்கன்னு மெயில் போட்டுட்டார். நம்ம ஆபீஸ்கள்ல அதெல்லாம் நடக்கிற காரியமா? ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தா, "இதை ஒரு ஸ்லைடா போட்டுக் கொடுப்பா"ன்னுதான் பதில் வரும். முதல் பவர்பாயிண்ட்டோட பெரும்பகுதியை எழுதின டென்னிஸ் ஆஸ்டின் 2023 செப்டம்பர்ல காலமானார். அவர் செய்த முதல் பதிப்பு பிரிண்டரை நம்பித்தான் இருந்தது, பிரிண்டர் ஷீட்டை நம்பி இருந்தது, ஷீட்டுக்கு ஒரு அளவு இருந்தது.

நான் இப்போ பண்றது சின்ன விஷயம்தான். பொட்டியில ரைட் கிளிக், ஃபார்மேட் ஷேப், டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அதுல "டு நாட் ஆட்டோஃபிட்". மாஸ்டர் ஸ்லைடுல ஒரு தடவை வச்சுட்டா எல்லா ஸ்லைடுக்கும் வந்துடும். எழுத்து பொட்டியை விட்டு வழிஞ்சு அசிங்கமா தொங்கும். தொங்கட்டும். தொங்கினாத்தானே எதை வெட்டுறதுன்னு யோசிப்போம். எண் ஏதாவது இருந்தா அதைப் பிளேஸ்ஹோல்டரை விட்டு வெளிய எடுத்து, தனி டெக்ஸ்ட் பாக்ஸ்ல, தலைப்புக்குப் பக்கத்துல வைக்கிறேன். அவுட்லைன்ல வராதுதான், பரவாயில்லை. போன வாரம் டேமேஜர் "ஏன்ப்பா இது மட்டும் இவ்ளோ பெருசா இருக்கு, கிளையண்ட் பயந்துடப் போறாங்க"ன்னார். "பெருசாத்தான் சார் இருக்கு"ன்னேன். முறைச்சார். ஆனா குறைக்கச் சொல்லலை.

கொலம்பியா விசாரணை அறிக்கை இணையத்துல இலவசமாவே கிடைக்குது. முதல் தொகுதி, 191-ம் பக்கம். அந்த ஸ்லைடை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, உங்க கண்ணு முதல்ல எங்க போகுது, எந்த வரியில நின்னுடுதுன்னு மட்டும் கவனிச்சுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.